உள்முத்து

"தண்ணி குடிக்கிறீகளா ஆத்தா?" என்று காளிராஜ் கேட்டபோதுதான் பாண்டீஸ்வரி முதன்முதலாகப் பயந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளை "ஏய்" என்று மட்டுமே கூப்பிட்ட புருஷன், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சன்னிதியில் நிற்பதுபோல அறை வாசலில் நின்றான். செம்பைத் தரையில் வைத்து உள்ளே தள்ளினான். கோழை. போன மாதம் அவளுக்குக் கொரோனா வந்தபோது பாளையம்பட்டியில் அக்காள் வீட்டுக்கு ஓடிப்போய், அவள் தேறிய பிறகு புது மாஸ்க்கோடு வந்திறங்கிய வீரன் இவன்தான்.

இப்போது மறுபடி காய்ச்சல். கண் இரண்டும் ரத்தமாய்ச் சிவந்து, உதடு வெடித்து, மார்பெல்லாம் செந்தடிப்பு. மாமியார் சந்தனம்மாள் பார்த்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்; ஜன்னலைச் சாத்தி, நிலையில் வேப்பிலை கட்டிவிட்டாள். அம்மையாம். ஊசி போட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாளாம்.

"அம்மைன்னா முத்து இருக்கணும்ல அத்தை? எங்க இருக்கு?"

"உள்முத்து போட்டுருக்கா தாயி. வெளிய தெரியாது."

தெரியாததற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறாள் கிழவி. பாண்டீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சில் குத்தியது. கொரோனா போன பிறகு காய்ச்சல் திரும்பிக் கண் சிவந்தால் உள்ளே இருதயமே வீங்கலாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று நர்ஸ் சொன்னதை இவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்துவிட்டது. "ஆத்தா சோதிக்கிறா" என்று கற்பூரம் ஏற்றினாள் கிழவி.

கிழவி வேப்பிலை ஒடிக்கப் போன நேரத்தில், பாண்டீஸ்வரி திருச்சுழியில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் முத்துராஜுக்குப் போன் போட்டாள். "இந்தா வாரேன். பயப்படாத," என்றான்.

மூடிய அறையில் கசங்கிய வேப்பிலையும் கற்பூரக் கரியும் அவளுடைய வியர்வையும் சேர்ந்து புளித்த வாடை அடித்தது. வெளியே கருவேலங்காட்டில் ஓர் இலைகூட அசையாத உச்சிவெயிலில், வாசலில் செருப்புகள் கழன்று விழும் சத்தம் மட்டும் ஒவ்வொன்றாய், நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. வளையல்கள். குசுகுசுப்பு. போன மாதம் கிருமி என்று குழாயடியில் இவள் குடத்தைத் தள்ளி வைத்தவர்கள், இன்று கைகூப்பி உள்ளே வந்தார்கள். இந்த ஜனத்துக்கு அவள் மனுஷியாக இருந்த நாள் எது?

ஆட்டோ வந்து நின்றது.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவள் கண்களைப் பார்த்தான். அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"தெரியாம வண்டி கொண்டாந்துட்டேன் ஆத்தா. மன்னிச்சுரு."

"அண்ணே... நாந்தாண்ணே..."

குரல் எழவில்லை. காற்றும் இல்லை. நெஞ்சு தாறுமாறாய் அடித்தது. தடுக்கியது. மறுபடி அடித்தது. விரல்கள் குளிர்ந்தன. மூச்சுக்காக வாயை அகலத் திறந்தாள்.

"பேசாதீக," என்று கிழவி கை உயர்த்தினாள். "வாக்கு சொல்லப் போறா."



"மழை எப்பன்னு கேளும்மா," என்றான் காளிராஜ்.

திறந்த வாய். அதைச் சுற்றி, நெருங்கி, இன்னும் நெருங்கி, காதுகள்.