கவிழ்த்து வைத்த டம்ளர்

‘டர்ன் மை கப்’ என்று சொல்லாமல் இப்போது யாரும் வீட்டை விட்டு இறங்குவதில்லை. என் டம்ளரைக் கவிழ்த்து வை, திரும்பி வருவேன் என்று பொருள். வீட்டோடு பேசிப் பழகும் துணைப்பொறி ‘சரி’ என்று பதில் சொல்லி விளக்கை அணைக்கும். உலகமெங்கும் இதே வழக்கம். ‘குட்பை’ ஒழிந்து இரண்டு வருடமாகிறது.

“குட்பைங்கிறது ‘கடவுள் உன்னோட இருக்கட்டும்’னு இங்கிலீஷ்ல சொன்னது தேஞ்சு வந்தது” என்றார் ஹெப்சிபா டீச்சர். அம்பத்தூர் மாலை வகுப்பில் அவர் ஆங்கிலச் சொற்களின் பிறப்பைக் கற்பிக்கிறார். “டர்ன் மை கப் மாலுமிங்க பேச்சு. சாராயக்கடையில எழுந்து போறவன், இடம் பறிபோகக் கூடாதுன்னு கோப்பையைக் கவுத்துட்டுப் போவான்.”

கடைசி வரிசையில் சிற்றரசு கையைத் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கினான்.

“டீச்சர், அது நான் சொன்னதுன்னு நினைக்கிறேன்.”

வகுப்பு சிரித்தது. “அப்ப ‘ஓகே’ யாருண்ணே, உங்க மாமாவா?” என்றான் ஒருவன்.

எல்லோரும் போன பிறகு சிற்றரசு தன் நாட்குறிப்பை டீச்சரிடம் நீட்டினான். மூன்று வருடத்துக்கு முந்தைய பக்கம். ‘புது அறை. யாராவது வந்தால் இருக்கட்டும் என்று டம்ளர் இரண்டு வாங்கினேன். வீட்டுப்பாடத்துக்காகத் துணைப்பொறியிடம் ஆங்கிலம் பேசிப் பழகுகிறேன். கிளம்பும்போது, டர்ன் மை கப் என்றேன். சரியா, தெரியவில்லை.’

எல்லாத் துணைப்பொறிகளுக்கும் மூளை ஒன்றே. அது அந்த வாக்கியத்தை ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

“பேரகராதியில என் பேர் வருமா டீச்சர்?” அந்த அறையில் ஒருவன் வாழ்ந்தான் என்பதற்கு அவனுக்கு வேறு சாட்சி இல்லை.

டீச்சர் மேசைமேலிருந்த சொல்தடத்தை இயக்கினார். துணைப்பொறிகள் கேட்டதெல்லாம் அதில் சேர்ந்திருக்கும். திரையில் எழுத்து வந்தது.

முதலில் சொன்னவர்: சிற்றரசு.

அவன் எழுந்தேவிட்டான். அடுத்த வரி வந்தது.

கேட்ட மனிதர்: ?

“ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் கேட்டாத்தான்பா அது சொல்லு. பேரகராதி விதி. யாராவது பக்கத்துல இருந்தாங்களா?”

அவன் நாட்குறிப்பைப் புரட்டினான். மூன்று வருடம், ஒரு நாள் விடாமல். வேலை, வகுப்பு, சாப்பாடு, தூக்கம். ஒரு பெயரும் இல்லை.

“சரி விடு. வேற யார் யாருகிட்ட முதல்ல சொன்னாங்கன்னு பார்ப்போம்” என்றார் டீச்சர்.

சொல்தடம் வெகுநேரம் தேடியது.

தினசரிப் பயன்பாடு: நானூறு கோடி. மனிதர் மனிதரிடம் சொன்னது: இல்லை. சொல்லாகாது. நீக்கப்படும்.

டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு தன் கைப்பையையே பார்த்துக்கொண்டு, “நானும் வீட்டுல பொறிகிட்டதான் சொல்றேன்” என்றார்.

கிளம்பும் நேரம். வழக்கப்படி சுவரிலிருந்த துணைப்பொறியை நோக்கி வாயைத் திறந்தவர் நிறுத்தினார். திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார்.

“டர்ன் மை கப், சிற்றரசு.”

அவன் வாய் திறந்தது. பொறி ‘சரி’ என்று சொல்லும். மனிதன் என்ன சொல்ல வேண்டும்? அதை யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. டீச்சர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு படியிறங்கிப் போனார்.

திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

சொன்னவர்: ஹெப்சிபா. கேட்டவர்: சிற்றரசு. மறுமொழி: பதிவாகவில்லை.