வலது மேல்கோடு

வியாழக்கிழமை காலை ஏழே காலுக்கு கிளைவ் பெட்டிஃபர் தன் அலுவலகத்தின் முன்னால் காரை நிறுத்தியபோது, லான்செஸ்டன் நகரம் இருந்த இடத்தில் மூடுபனிதான் இருந்தது. ஆற்றிலிருந்து ஏறி வந்த பனி தெருவிளக்குகளை ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டு, பழைய கம்பளிக் கிடங்கின் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றது. அந்தக் கிடங்குதான் அலுவலகம். ஆட்டுரோம மூட்டைகள் வெளியேறி ஐம்பது வருஷமாகியும் பலகைகளிலிருந்து அந்தக் கொழுப்பு வாடை போகவில்லை. வந்தவர்களிடம் கிளைவ் அதைப் 'பாரம்பரியத்தின் மணம்' என்பார்.

அவர் அங்கே இயங்கிய வடிவமைப்பு நிறுவனத்தின் படைப்பு இயக்குநர். பதினான்கு வருஷமாக ஒரு கோடுகூடத் தன் கையால் இழுத்ததில்லை. அவருடைய கருவி ஆட்காட்டி விரல். வரைகிறவர்களின் பின்னால் நின்று திரையைச் சுட்டி, "இது இன்னும் கொஞ்சம் சுவாசிக்கட்டும்" என்பார். எது சுவாசிக்க வேண்டும், எதனால் என்று யாரும் கேட்டதில்லை.

மறுநாள் பத்து மணிக்குச் சந்தைக் கட்டடத்தின் நெற்றியில் நகரத்தின் புதிய மின்கடிகாரத்தை மேயர் திறந்துவைக்கிறார். கறுப்பு எஃகுத் தகட்டில் எண்களைக் கோடு கோடாக வெட்டி, ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் தனி விளக்கு வைத்த கடிகாரம். அடியோரத்தில் 'எண்கள்: கிளைவ் பெட்டிஃபர்' என்று வெட்டப்போகிறார்கள். அந்த நாளுக்கென்றே அவர் புதிதாக ஒரு கறுப்பு மஃப்ளர் வாங்கியிருந்தார்.

அந்த எண்களை வரைந்தது அவரிடம் வேலை பார்த்த ரோண்டா ஸ்கெக்ஸ்.

நுரையீரல் நோயோடு வார்டில் கிடந்தபோது மடிக்கணினியில் அவள் வரைந்தவை அவை. கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தில் ஆறும் எட்டும் அவளுக்கு ஒன்றாகவே தெரிந்தன. "ஒரே ஒரு கோடுதான் கிளைவ் வித்தியாசம். வலது பக்க மேல்கோடு. அது சரியாத் தெரியலன்னா மருந்து வேளையே தப்பிப் போயிடும்" என்றாள். அதனால் அந்த ஒரு கோட்டை மட்டும் கொஞ்சம் தடித்து, முனையைச் சாய்த்திருந்தாள். பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய பூங்கொத்தோடு பார்க்க வந்திருந்த கிளைவ் தலையாட்டினார்.

"ஓரமா சின்னதா எம் பேரைப் போடு. வேற ஒண்ணும் வேணாம்."

"கண்டிப்பா ரோண்டா."

ஒரு மாலை நாலு பதினேழுக்கு அவள் இறந்தாள். இரங்கல் கூட்டத்தில் கிளைவ் அழுதார். மறுநாள் எண்கள் இருந்த கணினிக் கோப்பைத் திறந்து அவள் பெயரை நீக்கிவிட்டுத் தன் பெயரை அடித்தார். பிறகு அந்த எண்கள் ஒரு விருது வாங்கின.

இப்போது தகடு வெட்டும் டாரில் முண்டி தொலைபேசியில் கத்தினார்: "தலைவா, உன் எட்டுல நடுக்கோடு துளி கோணலா இருக்கு. நிமித்தி அனுப்பு. பதினோரு மணிக்கு மெஷினப் போடணும்."

"பசங்ககிட்ட சொல்றேன்."

"பசங்கதான் மேடை கட்டப் போயிருக்காங்களே. ஏம்ப்பா, ஒரு கோட்டை நிமித்தறதுக்கு ஆள் வேணுமா? விருது வாங்கினவன்தான நீ?"

வேறு வழியில்லாமல் கிளைவ் கணினியின் முன் உட்கார்ந்தார். ரோண்டாவின் நாற்காலி. அவர் எடைக்கு அது ஒரு முறை பெருமூச்சு விட்டது.

ரோண்டா வரைந்தது ஒரே ஓர் எட்டுதான். ஏழு கோடுகள் கொண்ட எட்டு. மற்ற எண்கள் எல்லாம் அதன் பிரதிகள். வலது மேல்கோட்டை மறைத்தால் ஆறு. நாலு கோடுகளை மறைத்தால் ஏழு. எதையும் அவள் அழிக்கவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தாள். மூல எட்டில் கை வைத்தால் பத்து எண்களும் சேர்ந்து அசையும்.

கிளைவுக்கு அது மறந்து போயிருந்தது. நடுக்கோட்டைப் பிடித்து இழுத்தார். பத்து எண்களும் ஒரே நேரத்தில் துள்ளின.

பதறி, கடைசியாகச் செய்ததை ரத்து செய்யும் அன்டூ விசையை அழுத்தினார். கோடு பழைய இடத்துக்குத் திரும்பியது. அப்பாடா என்று கையை எடுத்தார்.

விசை தானாக இன்னொரு முறை அமுங்கியது.

அடியிலிருந்த அவர் பெயர் போயிற்று. அந்த இடத்தில் ரோண்டா ஸ்கெக்ஸ் என்று வந்தது.

அந்தப் பெயரை அவர் நீக்கி எட்டு மாதமாகிறது. கோப்பை ஒருமுறை மூடிவிட்டால் அன்டூவுக்குப் பழைய ஞாபகம் எதுவும் இருக்காது. அந்தத் தொழிலுக்கு நேற்று வந்தவனுக்கும் அது தெரியும்.

விசை அமுங்கியது. மறுபடி. மறுபடி.

கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கம்பளி வாடையை ஒதுக்கிக்கொண்டு வேறொரு வாடை வந்தது. யூகலிப்டஸ் மிட்டாய். ரோண்டா நாள் முழுக்க வாயில் அடக்கியிருப்பது. காதருகே ஒரு சத்தம்: ஸ்ஸ்ஸ்... டக். ஸ்ஸ்ஸ்... டக். பிராணவாயுக் குழாய் இழுத்து விடுகிற சத்தம்.

ஏதோ ஒன்று சுவாசித்துக்கொண்டிருந்தது.

திரையில் மூன்று எண்கள் மிஞ்சின.

4:17.

"ரோண்டா?" என்றார், தொண்டைக்குள்ளேயே.

அவர் தோளுக்கு மேலாக ஒரு மெல்லிய விரல் நீண்டு, அவர் மற்றவர்களுக்குச் சுட்டுகிற அதே தோரணையில், பெயரைச் சுட்டியது.

கிளைவ் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

கால்மணி நேரம் வாசலில் பனியில் நின்றுவிட்டு, உள்ளே வந்து மறுபடி இயக்கினார். எல்லாம் சரியாக இருந்தது. நடுக்கோடு நேராக, எண்கள் பத்தும் பத்திரமாக, அடியில் கிளைவ் பெட்டிஃபர். வெறும் வயிற்றில் குடித்த காப்பியைத் திட்டிவிட்டு எண்கள் இருந்த கோப்பினை டாரிலுக்கு அனுப்பினார்.

பெயரை மாற்ற அவருக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. மஃப்ளரை இஸ்திரி போடப் போனார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேயர், "காலத்துக்கே உருவம் கொடுத்த நம் கிளைவ்" என்று படித்து முடித்துக் கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. வெள்ளை ஒளியில் 10:00. அதன் அடியில், எஃகில் ஆழமாக, 'எண்கள்: ரோண்டா ஸ்கெக்ஸ்'.

மேயர் ஒரு கணம் தாளைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், எதற்கும் இருக்கட்டும் என்று கைதட்டினார். கூட்டமும் தட்டியது.

"என்னய்யா இது?" என்று கிளைவ் டாரிலின் சட்டையைப் பிடித்தார்.

"நீ அனுப்புன ஃபைல்ல இருந்ததுதான். பரவால்லயே, நம்ம கிளைவுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குன்னு நெனச்சேன்."

"அது எம் பேரு வரவேண்டிய இடம்!"

"சத்தமா சொல்லாத, மேயர் பாக்குறாரு."

டாரிலின் ஏணி சுவரில் சாய்ந்தே இருந்தது. கிளைவ் ஏறினார். நகரமே பார்க்க, கழுத்திலிருந்த மஃப்ளரை அவிழ்த்து அந்தப் பெயரின் மேல் கட்டப் பார்த்தார். முகத்துக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில், எண்கள் அணைந்தன.

4:17.

யூகலிப்டஸ் வாடை அடித்தது. அவர் கைகள் பிடியை விட்டன.

கீழே நின்றவர்கள் எல்லாரும் கடிகாரம் பத்து இருபது காட்டியதாகத்தான் சொன்னார்கள்.

இடுப்பெலும்பும் மூன்று விலாக்களும் போயின. ஒரு விலா நுரையீரலைக் குத்தியிருந்தது. மூக்கில் குழாயோடு அவர் கண் விழித்த கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. சிவப்பு எண்கள்.

4:16.

சாப்பாடு வந்தது, போனது. வெயில் வந்தது, போனது. 4:16.

"மணி என்ன?" என்று தாதி ஜோலீனைக் கேட்டார்.

"அதோ எதிர்லயே இருக்கே கண்ணு. பத்தரை."

ஞாயிற்றுக்கிழமை ஆறின் அடிக்கோடு அணைந்தது. திங்களன்று இடது கீழ்க்கோடு. செவ்வாயன்று நடுக்கோடு. கிளைவ் ஆட்காட்டி விரலால் காற்றில் வரைந்து எண்ணிப் பார்த்தார். ஆறு ஏழாக வேண்டுமானால் நாலு கோடு அணைய வேண்டும், ஒன்று எரிய வேண்டும். வாழ்நாளில் முதல் முறையாக அவருக்கு அந்த வேலை துல்லியமாகப் புரிந்தது.

புதன்கிழமை இடது மேல்கோடும் அணைந்தது.

அவர் ஜோலீனின் கையைப் பிடித்தார். "நான் வரையல. சத்தியமா நான் வரையல. ரோண்டாதான் வரைஞ்சா. எல்லார்கிட்டயும் சொல்லு. பேப்பர்காரனைக் கூப்பிடு!"

"அடடா, இதுக்கா இப்படி மூச்சு வாங்குது?" ஜோலீன் தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். "ஊருக்கே தெரியுமே. பேருதான் கடிகாரத்துலயே இருக்கே. நீங்க நிம்மதியாத் தூங்குங்க."

அவள் காலடிச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்தது.

கொடுப்பதற்கு அவரிடம் இனி எதுவும் இல்லை.

ஸ்ஸ்ஸ்... டக்.

அது அவருடைய குழாயின் சத்தமில்லை. அவருடையது இந்தப் பக்கம் இருந்தது. இது கட்டிலின் அந்தப் பக்கம்.

எதிர்ச்சுவரில், வலது பக்க மேல்கோடு, மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடித்து, முனை சாய்ந்து, மெல்லச் சிவக்கத் தொடங்கியது.