துணைக்கு வந்தவள்

அங்கமுத்துவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமே கிடையாது. ஆனால் தங்கச்சி மகள் வந்து வெளியே உட்கார்ந்திருப்பதாக நர்ஸ் ஹலீமா மிஸ்ஸி சொன்னாள்.

"வைதேகிதானே பேரு? காலையிலேயே வந்துட்டாங்க அங்கிள். இன்னைக்கு உங்க ஆபரேஷன் கேன்சல் ஆகாது."

பச்சைத் திரைக்குள், முதுகு திறந்த ஆஸ்பத்திரி அங்கியில், வெறும் வயிற்றோடு படுத்திருந்தவர் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார். அவருடைய குடலிறக்க ஆபரேஷன் ஏற்கெனவே இரண்டு தடவை கடைசி நேரத்தில் நின்றுபோயிருந்தது. முதல் தடவை, விபத்துக் கேஸ் ஒன்று வந்து தியேட்டரைப் பிடித்துக்கொண்டது. அது யார் குற்றமும் இல்லை. இரண்டாவதுதான் மனதை அறுத்தது. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பும் ஆபரேஷன், கூட்டிப்போக ஆள் வேண்டும், ஆள் இல்லாவிட்டால் கத்தி வைக்கமாட்டார்கள். "யார் வர்றாங்க?" என்று கேட்டபோது அவர் கூரையைப் பார்த்தார். ஆங் மோ கியோ வட்டாரத்து ஓரறை வீட்டில் அவருக்குத் துணை ரேடியோதான்.

குடல் முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்தார். உயிருக்குப் பயந்தவன் என்ன பொய்தான் சொல்லமாட்டான்? இந்தத் தடவை போனில் கேட்டதும், நின்ற நிலையில் ஒரு தங்கச்சி மகளையே பெற்றெடுத்துவிட்டார்: பெயர் வைதேகி, ஜாலான் புசாரில் வேலை. எல்லாம் முடிந்தபிறகு, அவள் வழியில் மாட்டிக்கொண்டாள் என்று சொல்லி டாக்சியில் போய்விடலாம் என்று நினைத்திருந்தார்.

வேறு யாருக்கோ வந்தவளாக இருக்கும். வந்தவரைக்கும் லாபம் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஏர்கான் சன்னமாகச் சீறிக்கொண்டிருந்தது. மருந்து வாடைக்கு நடுவே, ஈரத்துணியைப் பல நாள் மூட்டை கட்டி வைத்ததுபோல ஒரு வாடை மெல்ல வந்து மூக்கருகில் தங்கியது. திரைக்கு அந்தப்புறம் யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்து, அவர் கட்டிலுக்கு நேராக நின்றார்கள். மூச்சுச் சத்தம் இல்லை. திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள். அவருடைய செருப்பைப் போட்டிருந்தன.

"மிஸ்ஸி!"

திரை விலகியது. ஹலீமா மட்டும்தான்.

"உங்க உடுப்பு, செருப்பு, வீட்டுச் சாவி எல்லாம் அவங்ககிட்ட குடுத்துட்டேன் அங்கிள். வலது பக்கம் திரும்பிப் படுத்தாத்தான் உங்களுக்குத் தூக்கம் வருமாமே?"

அது எந்த உயிருக்கும் தெரியாது. அங்கமுத்து பயந்துபோனார். இதற்குக் குடலிறக்க வலியே தேவலை.

"கேன்சல் பண்ணுங்க மிஸ்ஸி. நான் பொய் சொன்னேன். எனக்கு யாரும் இல்ல."

ஹலீமா அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "பயத்துல இப்படித்தான் சொல்வீங்கன்னு அவங்களே சொன்னாங்க லா."

கட்டில் நகர்ந்தது. விளக்குகள். கதவு. முகத்தில் மாஸ்க். கத்தினார். சத்தம் வரவில்லை.

விழித்தபோது சக்கர நாற்காலியில் இருந்தார். நாக்கு மரத்துக் கிடந்தது. ஹலீமா அவர் தலைக்கு மேலே பார்த்து, "பத்திரமா கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

நாற்காலி உருண்டது. லிப்ட் கதவு மூடியது.

கதவின் எஃகில் அவர் தெரிந்தார். பின்னால் அவள்.

அவளுக்குப் பெயர் வைத்திருந்தார். வேலை கொடுத்திருந்தார். முகத்தை மட்டும் யோசிக்கவே இல்லை.

குளிர்ந்த கை தோளில் விழுந்தது.

"வீட்டுக்குப் போலாமா மாமா? இனிமே கூடவே இருக்கேன்."

கூந்தலுக்கும் கழுத்துக்கும் நடுவே வெறும் தோல். அது அவர் முகத்தை நோக்கி மெல்லக் குனிந்தது.