சொந்தக்காரர் விலக்கு

பெருமழைநகர் ஏழாம் அடுக்ககத்தில் மறுப்புக் காப்பு மறுபடி அலறியது. இந்த முறையும் தணிகாசலம் பெரியப்பாதான். ஆதிரையை இழுத்து மடியில் உட்கார வைத்தார். "வேண்டாம்" என்றாள் அந்த ஏழு வயதுக் குழந்தை. அவள் கையிலிருந்த காப்பு சிவந்து, மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி கத்தியது. சட்டப்படி அவர் மூன்றடி விலகி நிற்க வேண்டும். நின்றார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

குழந்தைகள் கையில் இந்தக் காப்பை மாட்டும் பிள்ளைக்காவல் திட்டம் வந்தபோது இதே குடியிருப்புக்காரர்கள்தான் கைதட்டினார்கள். செல்பேசியில் நைசாகப் பேசும் முகம் தெரியாத ஆளைக் காப்பு துண்டித்துவிடும், தெருவில் எவனாவது கையைப் பிடித்தால் ஊரைக் கூட்டிவிடும் என்றதும் அப்படி ஒரு சந்தோஷம்! 'இட்லி வேண்டாம்' என்றால் அது பேசாமல் இருக்கும். சொல்லோடு சேர்ந்து நாடி படபடத்து, உடம்பும் விறைத்தால்தான் ஒலிக்கும். பயம் நிஜமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு வருடமாக அந்தக் குடியிருப்பில் அது யாருக்கெல்லாம் ஒலித்தது தெரியுமா? மாமாவுக்கு, டியூஷன் சாருக்கு, அப்பாவின் உயிர் நண்பருக்கு. முகம் தெரியாதவனுக்கு ஒலித்ததே அபூர்வம். கொஞ்சமாவது சூடு சொரணை இருந்தால் அதைப் பற்றி உட்கார்ந்து யோசித்திருப்பார்கள். இவர்கள் பொதுக்குழுவைக் கூட்டினார்கள். பெரியவர்களின் மானம் போகிறதாம்!

"சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்களுக்கு விலக்கு குடுத்துரலாம்," என்றார் சங்கச் செயலாளர் சம்பந்தம். "வீடு தேடி வந்த மனுஷனை மெஷின் அவமானப்படுத்துது."

ஆதிரையின் அம்மா வளர்மதி எழுந்தாள். "எம் பொண்ணு பயப்படுறா சார். அது ஒருத்தர் காதுலயும் விழலையா?"

"என் தம்பி பொண்ணைப் பாசமா தூக்கக்கூட எனக்கு உரிமை இல்லையா?" என்றார் தணிகாசலம். அந்தத் தம்பி, வளர்மதியின் கணவர், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழந்தை வாயைத் திறந்து ஏதாவது சொல்லுச்சா?" என்றார் சம்பந்தம். "மெஷினை நம்பி ஒரு பெரிய மனுஷனைப் பேசலாமா?"

வளர்மதிக்குக் கோபம் தலைக்கேறியது. ஆதிரையின் கையைப் பிடித்து ஒலிவாங்கி முன்னால் இழுத்தாள். "சொல்லுடி! எல்லார் முன்னாடியும் சொல்லு!"

ஆதிரை கூட்டத்தைப் பார்த்தாள். "வேண்டாம்மா... வேண்டாம்."

காப்பு அலறியது. அரங்கமே சிரித்தது.

"பெத்த தாய்க்கே அடிக்குது! இதைப் போய் நம்புறதா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

கைகள் மளமளவென்று உயர்ந்தன. வளர்மதி அவற்றை எண்ணவில்லை. மகளின் கையை விட்டுவிட்டு மூன்றடி பின்னால் போனாள். "மன்னிச்சுருடா கண்ணு. அம்மா உன்னைக் கேட்டிருக்கணும்," என்றாள்.

சம்பந்தம் மேடையிலிருந்த திரையில் விரலை வைத்தார். விலக்கு அமலுக்கு வந்தது. ஆதிரையின் காப்பு பாதி அலறலில் அடங்கி, பச்சையாக மாறியது.

"இப்பத்தான் மனசு ஆறுச்சு. வாடா செல்லம்," என்று தணிகாசலம் அந்த மூன்றடிக்குள் வந்து குழந்தையைத் தூக்கினார்.

"வேண்டாம்!" என்றாள் ஆதிரை. இன்னும் உரக்க, "வேண்டாம்!"

"கையை எடுங்க!" என்று கத்திக்கொண்டு வளர்மதி பாய்ந்தாள். சம்பந்தம் குறுக்கே வந்து மறித்தார்.

"எதுக்கும்மா இப்படிக் கத்துறீங்க? நல்லாப் பாருங்க, காப்பு பச்சையாத்தானே இருக்கு!"