சரிவுக்கு அடியில்

வேதவல்லி கால் வைத்ததும் பனிக்கு அடியில் ஏதோ தொம்மென்று அமுங்கியது. கனத்த ஆள் மெத்தையில் உட்காருகிற மாதிரி ஒரு சத்தம். ஆனால் அது அவள் காலடியோடு நிற்காமல், மூடுபனிக்குள் சரிவு நெடுகிலும் ஓடி, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓரத்தில் போய் அடங்கியது.

முன்னால் போன யோகேஸ்வரன் நின்றுவிட்டான். "அண்ணை, உது நல்ல சத்தமில்லை," என்றான்.

அவள் கணவர் வரதராஜன் சிரித்தார். புதுப் பனி அப்படித்தான் இருக்கும் என்றார்.

அது 1974, இந்தத் தென்கோளத்து நாட்டில் குளிர்காலம் தொடங்கும் ஜூன் மாதத்து ராணி பிறந்தநாள் விடுமுறை. கிளேட்டனில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஒரே துறையில் பாடம் நடத்தும் இந்த இரண்டு பேரோடும் அவள் விக்டோரியா மலைக்கு வந்திருந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் மேலே இருக்கும் மரக்குடிசைக்குப் போய்ச் சேர வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரனான யோகேஸ்வரனுக்கு இந்த மலைகள் பல குளிர்காலங்களாகப் பழக்கம். பருவத்தின் முதல் பனி புல்மேல் சர்க்கரை மாதிரி உதிரியாகக் கிடக்கிறது, அதன்மேல் காற்று கொண்டுவந்து குவித்தது பலகையாக இறுகியிருக்கிறது, இரண்டும் ஒட்டவில்லை, மிதித்தால் மேலடுக்கு அப்படியே சரிந்துவிடும் என்று அவன் பொறுமையாகச் சொன்னான். இந்தச் சரிவைக் குறுக்கே கடக்காமல், மரங்கள் இருக்கும் முகட்டு வழியாகச் சுற்றிப் போகலாம் என்றான்.

"அவர் சொல்றதுதான் சரின்னு படறது," என்றாள் வேதவல்லி.

"பயமா இருந்தா அவனோடயே போ," என்றார் வரதராஜன்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சு இப்படித்தான். வீடு பார்த்ததிலும் சரி, அவள் வேலையை விட்டதிலும் சரி, அவள் சொன்னது சரியென்று அவர் வாயிலிருந்து ஒருமுறைகூட வந்ததில்லை. அவள் போகவில்லை. யோகேஸ்வரன் கொஞ்ச நேரம் கெஞ்சிப் பார்த்தான். பிறகு, ஆள் புதைந்தாலும் பனிக்கு மேலே கிடந்து இடம் காட்டும் நீளமான சிவப்புக் கயிறு ஒன்றை வரதராஜன் இடுப்பில் கட்டி, ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும், யாராவது புதைந்துபோனால் ஆள் கூப்பிட ஓடாமல் உடனே அங்கேயே தேட வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டு, முகட்டுப் பக்கம் ஏறி மறைந்தான்.

வரதராஜன் சரிவைக் குறுக்கே கடக்கத் தொடங்கினார். கயிறு அவர் பின்னால் பாம்பு மாதிரி நெளிந்து போனது. அவரை மூடுபனி விழுங்கியது. பிறகு கயிற்றையும் விழுங்கியது. ஈரக் கம்பளி வாடையும் தன் மூச்சுச் சத்தமும் மட்டும் மிச்சமிருக்க, அவள் ஓரத்தில் நின்றாள்.

துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். அவள் காலுக்குச் சற்று முன்னால் ஒரு கோடு விழுந்து, அதற்கு அப்பாலிருந்த சரிவின் பனி முழுவதும் கிளம்பிக் கீழே போயிற்று.

பிறகு ஒன்றுமில்லை.

அவள் கத்திப் பார்த்தாள். முகட்டிலிருந்து பதில் இல்லை. உருண்டும் விழுந்தும் கீழே இறங்கினாள். கட்டிகட்டியாகக் குவிந்து கிடந்த பனியில் தேடித் தேடி, கடைசியில் ஒரு முழம் சிவப்பைக் கண்டாள். இழுத்தாள். அது நேராகக் கீழே போயிற்று. பையிலிருந்து அலுமினியச் சட்டியை உருவித் தோண்டத் தொடங்கினாள். சிமெண்டு மாதிரி இருந்தது பனி.

"வேதா."

அவர் குரல்தான். அடியிலிருந்து வந்தது. பதற்றமே இல்லை.

"ஏன்னா, இதோ வந்துட்டேன்."

"வேதா, நீ சொன்னதுதான் சரி."

அவள் கை நின்றது. அழுகை வந்தது. எத்தனை வருஷம். இதைச் சொல்ல இந்த மனிதருக்குப் பனிக்கு அடியில் போகவேண்டியிருந்தது. வெறியோடு தோண்டினாள். நகம் பிய்ந்தது. குரல் விடாமல் பேசியது. வீட்டு விஷயத்தில் அவள் சொன்னது சரி. வேலை விஷயத்தில் சரி. அவள் மறந்துபோனதையெல்லாம் எடுத்துச் சொல்லி, சரி, சரி என்றது.

தொப்பி தெரிந்தது. நெற்றி. முகம்.

கண் திறந்திருந்தது. இமையில் பனி. வாய் அகலத் திறந்திருந்தது. அதற்குள்ளும் பனி. தொண்டைவரை. கல்லாக.

விரலால் குத்தினாள். அசையவில்லை. கன்னம் சில்லிட்டிருந்தது.

"வேதா," என்றது குரல்.

அந்த வாயிலிருந்து இல்லை. அதற்கும் கீழே.

"எல்லாத்துலயும் நீ சொன்னதுதான் சரி. இன்னும் கொஞ்சம் தோண்டு."

மேலே எங்கோ யோகேஸ்வரன், அக்கா, அக்கா என்று கூப்பிட்டான். அவள் நிமிரவில்லை. கணவரின் தலையை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் சட்டியை இறக்கினாள்.