"எத்தனை?" என்று கேட்டார் டாக்டர்

காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் ஸ்ட்ரெச்சரில் வந்தவள் என் கூடப்பிறந்த தங்கை. பித்தப்பையில் கல். இப்போதெல்லாம் வயிற்றைக் கிழிப்பதில்லை. நாலு சின்னத் துளை, ஒன்றில் கேமரா, திரையைப் பார்த்துக்கொண்டே வேலை. அந்தக் கேமராவைப் பிடிக்கிற நர்ஸ் நான்.

"அக்கா, நீயே பிடி. வேற யாராச்சும்னா எழுந்து ஓடிடுவேன்."

"வாயை மூடிட்டுப் படு, கழுதை."

அவள் சிரித்தாள்.

எங்கள் தியேட்டரில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டுவதற்கு முன் பெரிய டாக்டர் கையை நிறுத்தி, "எத்தனை?" என்று கேட்பார். பித்தப்பைக்குப் போவது ஒரு குழாய், ஒரு ரத்தநாளம். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு நான் "ரெண்டு" என்று சொல்லவேண்டும். அப்புறம்தான் கத்தரி.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு டீச்சரம்மாவுக்கு, பழக்கதோஷத்தில், பார்க்காமலே சொல்லித் தொலைத்தேன். வெட்டுப்பட்டது ஈரலிலிருந்து வரும் முக்கியப் பித்தக்குழாய். உடம்பெல்லாம் மஞ்சளாகி இருபதாம் நாள் போய்ச் சேர்ந்தார். நான் பார்க்காமல் சொன்னதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதன்பிறகு புதுக் கேமரா வந்தது. ஊசியில் ஒரு சாயத்தை ஏற்றிவிட்டுப் பொத்தானை அமுக்கினால் பித்தக்குழாய் பச்சையாக ஒளிரும். பெரிய டாக்டருக்கு அது இளக்காரம். அன்றைக்கும் சொன்னார்.

"சாயத்தைப் போட்டுட்டீங்கள்ல, போதும். கண்ணு இருக்கிறவனுக்குப் பச்சை லைட் எதுக்கும்மா?"

விளக்குகளை அணைத்தார்கள். பட்டப்பகலிலும் அறை இருண்டுபோனது. ஸ்பிரிட் வாடை, இயந்திரத்தின் சீரான பீப் சத்தம், திரையில் மட்டும் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் என் தங்கையின் உள்ளுடம்பு மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கித் திரையே மங்கிப்போனது.

"எத்தனை?"

"ரெண்டு," என்றது என் வாய்.

பாவி நான். இந்த முறையும் பார்க்கவில்லை.

"மூணு."

மெல்லிய பெண் குரல்.

டாக்டரின் கத்தரி அப்படியே நின்றது. "யார் சொன்னது?"

குரல் வந்தது தங்கையின் தலைப்பக்கமிருந்து, போர்த்தியிருந்த துணிக்கு அடியிலிருந்து.

"சார்..." மயக்க டாக்டர் கிசுகிசுத்தார். "பேஷண்ட் வாயில குழாய் இருக்கு. பேசவே முடியாது."

பச்சைப் பொத்தானை அமுக்கினேன். டாக்டர் வெட்டப்போன குழாய் பச்சையாக ஈரல்வரைக்கும் ஓடியது. அதன் பின்னால் ஒட்டி ஒளிந்துகொண்டிருந்தது, உண்மையில் வெட்டவேண்டிய மெல்லிய குழாய். ரத்தநாளத்தோடு சேர்த்தால், மூன்று.

டாக்டர் அந்த மெல்லிய குழாயை வெட்டிப் பித்தப்பையை எடுத்தார்.

சாயங்காலம் அவள் கண் திறந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"பொழைச்சிட்டடி. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது."

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"அன்னைக்கு என்னோடதை ஏன் சிஸ்டர் பார்க்காமலே சொன்னீங்க?"

மயக்கத்தில் உளறுகிறாள் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பப்பார்த்தேன்.

தையல் பிரித்தாயிற்று. நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அம்மாவோடு வாயடிக்கிறாள். என்னை மட்டும் இன்னும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறாள்.