ஏரன் ஒப்படைத்த நோயாளி

அமெரிக்காவில், ஏரிக்கரை ஊரான டுலூத்தில் ஜனவரி மாதம் காலை ஏழு மணிக்கும் இருட்டாகத்தான் இருக்கும். ஏரிக்காற்றில் மூக்கு மரத்துப்போக, பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்துக்குள் நுழைந்தேன். புதுக் கட்டடத்தில் படுக்கைகள் நிரம்பிவிட்டன. அதனால் மூடிக்கிடந்த நான்காவது மாடி வார்டை அந்த வாரம்தான் மறுபடி திறந்திருந்தார்கள்.

வராந்தா விளக்குகளில் பாதி எரியவில்லை. டாக்டர்கள் அறைக் கதவைத் திறந்ததும் ஆரஞ்சுத் தோல் வாசனை அடித்தது.

வாசலிலேயே நின்றேன்.

வார்டை மூடுவதற்கு முன் அந்த அறையில் உட்கார்ந்து ஆரஞ்சு தின்கிறவன் ஏரன் லெஹ்டோ. என்னோடு வேலை பார்த்த டாக்டர். போன வசந்தத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். முந்தின நாள்கூட எங்களைச் சிரிக்க வைத்தான். அவன் போனபிறகு நிர்வாகம் எங்களுக்குப் பீட்சா வாங்கிக் கொடுத்தது. மூச்சை ஆழமாக இழுத்து விடுவது எப்படி என்று சுவரில் ஒரு படம் ஒட்டியது. பீட்சா ஆறிப்போனது. யாரும் தொடவில்லை.

ஏரனுக்கு ஒரு பிடிவாதம். வேலை முடிந்து கிளம்புகிற டாக்டர், அடுத்து வருகிறவரிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைப்பது எங்கள் வழக்கம். கேட்டவர் கடைசியில் "வாங்கிக்கிட்டேன்" என்று வாய் திறந்து சொன்னால்தான் அவன் நாற்காலியை விட்டு எழுவான். "சொல்லு கிழவி, சொன்னாத்தான் நான் வீட்டுக்குப் போவேன்" என்பான். நான் அவனைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். அந்தப் பழக்கம் வார்டு முழுக்க ஒட்டிக்கொண்டது.

முந்தின ராத்திரி முழுக்க வார்டைப் பார்த்துக்கொண்டவள் கேட்லின் மொரோ. பயிற்சியில் இருக்கும் சின்ன டாக்டர். எல்லா நோயாளிகளையும் அழகாகச் சொல்லி முடித்தாள். நானும் வாங்கிக்கிட்டேன் என்றேன். ஆரஞ்சு சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். அந்த வாசனை ராத்திரியெல்லாம் இருந்ததாம். நீ எப்படி இருக்கிறாய் என்றும் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கேன் டாக்டர். ரெண்டு நாள் தூங்கினா உங்களைவிட அழகாயிடுவேன்."

சிரித்துக்கொண்டே கோட்டை மாட்டினாள்.

போன் அடித்தது.

மேஜை மூலையில் கிடந்த பழைய போன். அதன் வயர் சுவரில் மாட்டப்படாமல் அதன்மேலேயே சுற்றிக் கிடந்தது.

கேட்லின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு அது கேட்கவில்லை.

எடுத்தேன். ஆரஞ்சுத் தோல் மெல்லக் கிழிகிற சத்தம்.

"இன்னும் ஒருத்தர் பாக்கி, கிழவி."

அவன் குரல். நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது வருகிற அதே நிதானம்.

"சின்னப் பொண்ணு. தூக்கமே இல்ல. வளத்த பூனைய நேத்து பக்கத்து வீட்டுல குடுத்துட்டா. கேட்டா நல்லாருக்கேன்னு சிரிப்பா. நம்பாத. இப்ப கதவுகிட்ட நிக்கிறா. தனியா அனுப்பிடாத."

காத்திருந்தான்.

"வாங்கிக்கிட்டேன்" என்றேன்.

திரும்பினேன். கேட்லினின் கை கதவுப் பிடியில் இருந்தது. உன் பூனை எங்கே என்று கேட்டேன்.

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கண் மட்டும் மாறியது.

"கேட்லின், செத்துப்போயிடணும்னு நெனைக்கிறியா?"

அவள் கோட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டாக்டர். மனசு சரியில்லைன்னு தெரிஞ்சா டாக்டர் லைசென்ஸ் போயிடும்."

"லைசென்ஸ நாம ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கலாம்மா. இப்ப எங்கூட வா."

வார்டைப் பார்க்க வேறு ஒருவரைக் கூப்பிட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மனநல டாக்டரிடம் போனேன். அவளை அவர் உள்ளே கூட்டிப்போன பிறகும் கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஏரனோடு இப்படி யாரும் நடந்து போகவில்லையே என்று அப்போதுதான் அழுகை வந்தது.

கேட்லின் இப்போதெல்லாம் ராத்திரியில் நன்றாகத் தூங்குகிறாள். பூனை வீட்டுக்கு வந்துவிட்டது. லைசென்ஸும் போகவில்லை.

போன் அதற்கப்புறமும் எப்போதாவது அடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஏரன் வேறு யாரோ ஒருவரை ஒப்படைக்கிறான். ஒரு தடவை அறுவை சிகிச்சை டாக்டர், ஒரு தடவை மயக்க மருந்து கொடுக்கிறவர். நான் வாங்கிக்கொண்டு ஓடுகிறேன்.

போன வாரம் அவன் சொல்லி முடித்தபிறகு நான் போனை வைக்கவில்லை.

"ஏரன், உன்ன யார்கிட்ட ஒப்படைச்ச? நீ எப்படி இருக்க?"

தோல் கிழிகிற சத்தம் நின்றது.

மூச்சு மட்டும்.

"எனக்கென்ன கிழவி? நான் நல்லாத்தான் இருக்கேன்."

போனைக் கீழே வைத்தேன். அதன் பக்கத்தில், சற்று முன்பு வெறுமையாக இருந்த மேஜைமேல், ஆரஞ்சுத் தோல் ஒன்று சுருண்டு கிடந்தது.

தொட்டுப் பார்த்தேன். அதில் இன்னும் கைச்சூடு இருந்தது.